டெட்லிஃப்ட் பழகுகிறேன்: ராடு தரையை விட்டு எழும்பும் முன்

முதல் வாரம் முழுக்க ஜிம் மாஸ்டர் என்னை ஒட்டடைக்கம்போடு நிறுத்திவிட்டார். கம்பை முதுகோடு ஒட்டிச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், மறு கை இடுப்புக்குப் பின்னால். பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள முதுகு, வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் கம்பு தொட்டுக்கொண்டே இருக்க, முன்னால் சாய்ந்து எழ வேண்டும். பார்க்க ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். ஆனால் வாசல் பெருக்கி, கோலம் போட்டு, குடம் தூக்கி வளர்ந்த உடம்புக்குக் குனிவது என்றாலே முதுகை வளைப்பதுதான். முதுகு அப்படியே இருக்க இடுப்பு மூட்டு மட்டும் மடங்கட்டும் என்றால் அது லேசில் கேட்காது. பாதி குனிவதற்குள் வால் எலும்பை விட்டுக் கம்பு விலகிவிடும்.

"கையி ரெண்டுலயும் பாத்திரம் இருக்கு. பின்னாடி கதவு தொறந்து கெடக்கு. எப்படித்தா சாத்துவ?" என்று கேட்டார் மாஸ்டர். பின்பக்கத்தால் தள்ளித்தான் சாத்துவேன் என்றேன். "அம்புட்டுதான். குனியணும்னு நெனைக்காத. பின்னாடி தள்ளு. குனியிறது தன்னால நடக்கும்."

அதற்குப் பிறகு சுவர். சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு சாண் தள்ளி நின்று, புட்டத்தால் சுவரைத் தொட்டுவிட்டு நிமிர வேண்டும். அது சுலபமானதும் இன்னும் நாலு விரல் முன்னால் தள்ளி நிற்க வேண்டும். முழங்கால் சற்றே மடங்கலாம், முன்னால் ஓடக் கூடாது. குறிப்பிட்ட தூரம் வந்ததும் தொடையின் பின்பக்கம் முழுக்க ஒரு இழுப்பு வரும். அந்த இழுப்பு வந்தால் மடங்க வேண்டிய இடத்தில் மடங்குகிறோம் என்று அர்த்தம். இழுப்பே இல்லாமல் தலை மட்டும் கீழே போனால், மடங்கியது முதுகு.

நான் மதுரையில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். 25 கிலோ அரிசி மூட்டை, 20 லிட்டர் தண்ணீர் கேன், 19 கிலோ வாயு கொள்ளும் கடை சிலிண்டர் என்று நாள் முழுக்கத் தூக்கும் வேலை. சிலிண்டரில் இரும்பின் எடையையும் சேர்த்தால் 35 கிலோவைத் தாண்டும். இவ்வளவும் தூக்குகிறவளுக்குத் தூக்கும் முறையை யாரும் சொல்லித் தந்ததில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் உள்ள ஜிம்முக்குப் போனேன். மாஸ்டர் பவர்லிஃப்டிங் செய்தவர், அறுபது வயதைத் தாண்டியவர். எடையைக் குறைக்க வந்தேன் என்று சொல்லாமல் மூட்டை தூக்கப் பழக வந்தேன் என்று சொன்னதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

தரையில் கிடக்கும் ராடை, அதாவது இரண்டு முனையிலும் எடை பிளேட் மாட்டிய இரும்புக் கம்பியைப் பிடித்து, முழங்காலும் இடுப்பும் நேராகும்வரை நிமிர்ந்து நின்று, திரும்பக் கீழே வைப்பதுதான் டெட்லிஃப்ட். பவர்லிஃப்டிங் போட்டியில் ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி ராடை மேலே தள்ளுவது) முடிந்து மூன்றாவதாக வரும். ஒலிம்பிக்கில் உள்ள பளுதூக்குதல் வேறு. அதில் ராடைத் தலைக்கு மேலே தூக்கும் ஸ்னாட்சும் கிளீன் அண்ட் ஜெர்க்கும் மட்டும்தான். 2016-இல் இங்கிலாந்தின் எட்டி ஹால் 500 கிலோ தூக்கியதையும், 2020-இல் ஐஸ்லாந்தின் ஹாஃப்தோர் பியோர்ன்சன் 501 கிலோ தூக்கியதையும் மாஸ்டர் தன் போனில் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். எடை அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. ராடு காலை உரசிக்கொண்டே மேலே வருவதை மட்டும் பார்க்கச் சொன்னார். இன்னொன்றும் கவனித்தேன்: தூக்கும் நேரத்தைவிட, ராடுக்கு முன்னால் நின்று கால், கை, மூச்சு என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்யும் நேரம்தான் அவர்களுக்கு அதிகம். எனக்கும் பழக்கத்தில் பெரும்பகுதி அங்கேதான் போனது. இந்தப் பதிவிலும் அதைத்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

ராடின் உயரம்

இதை யாரும் பேசுவதில்லை. ஆனால் சின்ன ஜிம்மில் பழகுகிறவர்களுக்கு இதுதான் முதல் சிக்கல். போட்டிகளில் பயன்படும் பெரிய பிளேட்டின் குறுக்களவு 450 மில்லிமீட்டர். ஆகவே ராடின் மையம் தரையிலிருந்து 22.5 செ.மீ உயரத்தில் இருக்கும். டெட்லிஃப்ட் பற்றிச் சொல்லப்படும் எல்லா அறிவுரையும், கணைக்கால் எங்கே இருக்க வேண்டும், இடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம், இந்த உயரத்தை மனதில் வைத்துச் சொன்னவை.

எங்கள் ஜிம்மில் இருப்பவை இரும்பு பிளேட்கள். டேப் வைத்து அளந்தேன். 10 கிலோ பிளேட்டின் குறுக்களவு 30 செ.மீ, 5 கிலோ பிளேட் 23 செ.மீ. அதாவது 10 கிலோ பிளேட் மாட்டினால் ராடின் மையம் தரையிலிருந்து 15 செ.மீ உயரத்திலும், 5 கிலோ மாட்டினால் பதினொன்றரை செ.மீ உயரத்திலும்தான் இருக்கும். எடை குறையக் குறைய ராடு இன்னும் கீழே போகிறது. புதிதாகப் பழகுகிறவர் குறைந்த எடையில்தான் தொடங்குவார். ஆக, ஒன்றுமே தெரியாதவருக்குத்தான் எல்லோரையும்விட ஆழமாகக் குனிய வேண்டிய நிலைமை வருகிறது. தொடையின் பின்தசை நீளும் அளவு நீண்டு முடிந்த பிறகும் கை ராடுக்கு எட்டாவிட்டால், மிச்சத் தூரத்தைக் கீழ்முதுகு வளைந்து கொடுக்கிறது. பிறகு "முதுகை வளைக்காதே" என்று பக்கத்தில் நின்று எத்தனை தடவை சொன்னாலும் பயனில்லை.

தெருமுனைத் தச்சரிடம் 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டுகள் மிச்சம் கிடந்தன. 30-க்கு 40 செ.மீ அளவில் அறுத்துத் தரச் சொன்னேன். நாலு துண்டை அடுக்கி, ஃபெவிகால் தடவி, ஸ்குரூ முடுக்கினால் 7.2 செ.மீ உயரம். இப்படிப் பக்கத்துக்கு ஒன்று. கூடவே இரண்டு துண்டு ஒட்டிய மெல்லிய பலகை, அதுவும் பக்கத்துக்கு ஒன்று, மேலே வைத்து எடுப்பதற்கு. 10 கிலோ பிளேட் போடும்போது நாலடுக்குப் பலகை மட்டும்; 5 கிலோ போடும்போது மெல்லியதையும் அதன் மேல் வைத்தால் மொத்தம் 10.8 செ.மீ. இரண்டு விதத்திலும் ராடு 22 செ.மீட்டரைத் தாண்டி நிற்கிறது. பிளேட் உருண்டு இறங்காமல் இருக்க முன்னும் பின்னும் ஒரு ரீப்பர் சட்டம் அடித்தோம். மேலே பழைய ரப்பர் விரிப்பை வெட்டி ஒட்டியதில் சத்தமும் குறைந்தது. ஜிம்மில் இப்போது புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பலகையில்தான் தொடங்குகிறார்கள்.

பலகை செய்ய வசதி இல்லையென்றால், இரண்டு பக்கமும் தடித்த பிளேட்களைப் படுக்கப் போட்டு அதன்மேல் ராடை வைக்கலாம். உயரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ராடின் எடையும் ஒவ்வொரு இடத்திலும் வேறு. ஒலிம்பிக் ராடு என்று சொல்லப்படுவது 20 கிலோ, 2.2 மீட்டர் நீளம். பளுதூக்குதலில் பெண்களுக்கு 15 கிலோ ராடு உண்டு; பவர்லிஃப்டிங்கில் ஆண், பெண் இருவருக்கும் 20 கிலோதான். தெரு ஜிம்களில் கிடக்கும் மெல்லிய ராடு இதில் பாதிகூட இருக்காது. எடை மெஷினில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்து, சாக்பீஸால் ராடின் நுனியில் எழுதி வைப்பது நல்லது. நான் தொடங்கியது 20 கிலோ ராடும் பக்கத்துக்கு 5 கிலோவும், மொத்தம் 30.

காலும் கையும்

செருப்போ ஷூவோ இல்லாமல் வெறுங்காலில்தான் பழகுகிறேன். ஓடுவதற்கான ஷூவின் அடிப்பகுதி மெத்தையாக இருப்பதால் எடை ஏறும்போது கால் அதில் ஆடும், குதிகாலும் உயர்ந்திருக்கும். தட்டையான கேன்வாஸ் ஷூ இருந்தால் அது போதும்.

ராடு பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். நடு என்றால் குதிகாலையும் சேர்த்த முழுப் பாதத்தின் நடு. நின்றுகொண்டு குனிந்து பார்க்கும்போது குதிகால் கண்ணில் படாது. அதனால் விரல்களுக்கு அருகில் இருக்கும் இடத்தை நடு என்று கண் ஏமாற்றும். என் பாதம் 24 செ.மீ. குதிகாலிலிருந்து 12 செ.மீட்டரை அளந்து, பாதத்தின் மேல்பக்கம் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அந்தக் கோட்டுக்கு மேலே ராடை வைத்தால், அது கணைக்கால் எலும்பிலிருந்து இரண்டு விரல் தூரத்தில்கூட இல்லை. இவ்வளவு அருகிலா என்று முதலில் திகைப்பாக இருந்தது.

இந்த அருகாமையில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீர் கேனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் பத்து அடி நடக்கலாம். அதையே கை நீட்டிப் பிடித்தால் இரண்டு நொடி தாங்காது. கேனின் எடை மாறவில்லை, உடம்பிலிருந்து அதன் தூரம்தான் மாறியது. ராடு இரண்டு அங்குலம் முன்னால் போனாலும் கீழ்முதுகின் மேல் ஏறும் சுமை அதற்கேற்பக் கூடும். 60 கிலோவை ஒட்டி இழுப்பது, தள்ளிப்போன 50 கிலோவைவிட எனக்கு இலகுவாக இருக்கிறது.

இரண்டு காலுக்கும் நடுவே இடுப்பகலம் விட்டு, விரல்களைச் சற்று வெளியே திருப்பி நிற்கிறேன். ராடை அசைக்காமல் புட்டத்தைப் பின்னால் தள்ளிக் கீழே போய்க் காலுக்கு வெளியே கை வைத்து ராடைப் பிடிக்க வேண்டும். உள்ளங்கையின் நடுவில் ராடைப் பிடித்தால், எடை ஏறியதும் அது விரலடிக்கு வழுக்கி வந்து தோலை மடித்துவிடும். கை காய்த்துப்போவது அதனால்தான். விரல்கள் தொடங்கும் மடிப்பிலேயே ராடை வைத்து மூடிக்கொண்டால் அந்தத் தொல்லை குறைவு.

ராடைப் பிடித்த பிறகு முழங்காலை முன்னால் கொண்டுவந்து, கணைக்கால் ராடைத் தொடும் இடத்தில் நிறுத்த வேண்டும். தொட வேண்டும், தள்ளக் கூடாது. இந்த இடத்தில் இடுப்பைக் கீழே இறக்கி உட்காரத் தோன்றும். உட்கார்ந்தால் முழங்கால் முன்னால் போய் ராடை உருட்டிவிடும். இடுப்பை அங்கேயே விட்டுவிட்டு நெஞ்சை மட்டும் நிமிர்த்த வேண்டும். "பனியன்ல இருக்குற எழுத்து எதுத்தாப்புல நிக்கிறவனுக்குத் தெரியணும்" என்பது மாஸ்டர் சொல்லும் வழி. அப்படி நிமிர்த்தினால் வளைந்திருந்த கீழ்முதுகு தானாகத் தட்டையாகிறது. தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. நாலைந்து அடி முன்னால் தரையில் ஒரு புள்ளியைப் பார்த்தால் கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்.

அடுத்தது அக்குள். அக்குளில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குவதாக நினைத்து மேல்கையை விலாவோடு இறுக்கச் சொன்னார். முதுகின் இரண்டு பக்கமும் விலாவை ஒட்டி இறங்கும் பெரிய தசை, ஜிம்மில் லேட்ஸ் என்பார்கள், அப்போது கெட்டிப்படுகிறது. ராடைக் காலோடு ஒட்டி வைத்திருப்பது அந்தத் தசைதான். இதை நினைவில் வைத்துச் செய்த நாளிலிருந்துதான் ராடு என் கணைக்காலை விட்டு விலகாமல் வரத் தொடங்கியது.

தம் கட்டுவது

மூச்சை நெஞ்சுக்குள் இழுத்தால் தோள் உயரும், அது உதவாது. வயிற்றுக்குள் இழுக்க வேண்டும். இரண்டு கையையும் இடுப்புக்கு மேலே பக்கவாட்டில் வைத்து, மூச்சை இழுக்கும்போது முன்னால் மட்டுமல்லாமல் பக்கத்திலும் பின்னாலும் வயிறு கையைத் தள்ளுகிறதா என்று பார்த்தேன். அப்படி நிரப்பியதும், யாரோ வயிற்றில் தட்டப்போகிறார்கள் என்பது போல இறுக்கித் தம் கட்ட வேண்டும். வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் முதுகெலும்பை முன்பக்கத்திலிருந்து தாங்கிப் பிடிக்கிறது. நிமிர்ந்து நின்றபின் சற்று மூச்சை விடலாம். ஒவ்வொரு முறையும் கீழே வைத்துவிட்டுப் புதிதாகத் தம் கட்ட வேண்டும். இடுப்பில் இறுக்கிக் கட்டும் பெல்ட் இதற்கு மாற்று இல்லை; இறுக்கிய வயிறு எதிர்த்துத் தள்ள ஒரு சுவர் போல உதவுவது மட்டுமே அதன் வேலை. தம் கட்டத் தெரியாதவருக்கு அதனால் பயனில்லை. நான் இன்னும் பெல்ட் போடவில்லை.

தம் கட்டும் நேரத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பிபி உள்ளவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். பெண்களிடம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜிம்மில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். பிள்ளை பெற்றவர்களில் பலருக்கு இறுக்கித் தூக்கும்போது சிறுநீர் கசியும். வெட்கப்பட்டுப் பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள், அல்லது யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறார்கள். இடுப்புக்குழியின் அடித்தளத்தில் இருக்கும் தசைகளின் சிக்கல் அது. அதற்கென்று பயிற்சி உண்டு. மகளிர் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொல்லித் தருவார்கள். அதைச் சரிசெய்துகொண்டே மெதுவாக எடையில் ஏறலாம்.

இழுப்பது, வைப்பது

ராடுக்கும் பிளேட்டின் ஓட்டைக்கும் நடுவே சிறிய இடைவெளி இருக்கும். மெதுவாக இழுக்கத் தொடங்கினால் ராடு அந்த இடைவெளியைத் தாண்டிப் பிளேட்டில் முட்டி "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்வரை தொய்வை எடுத்துவிட்டு, பிறகுதான் முழுப் பலம் கொடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மடங்கியிருக்கும் முழங்கை நிமிர்கிற அதிர்ச்சி முழுக்கக் கைத்தசையில் விழும், முதுகும் குலையும். கை வெறும் கயிறு, நீளமாகத் தொங்க வேண்டியது மட்டும்தான் அதற்கு வேலை.

இழுக்கிறேன் என்று நினைப்பதைவிடத் தரையைக் காலால் கீழே தள்ளுகிறேன் என்று நினைத்தால் நன்றாக வருகிறது. இடுப்பும் தோளும் சேர்ந்து ஒரே வேகத்தில் உயர வேண்டும். ராடு முழங்காலைத் தாண்டியதும் புட்டத்தை இறுக்கி இடுப்பை முன்னால் கொண்டுவந்து நிமிர்ந்து நிற்பது. அவ்வளவுதான். மேலே போனபின் பின்னால் சாய்வதைப் பல இடத்தில் பார்க்கிறேன்; அது கீழ்முதுகை எடையோடு பின்பக்கம் மடக்குவது, அதனால் ஒரு லாபமும் இல்லை.

பக்கவாட்டில் இருந்து வீடியோ எடுத்துப் பார்ப்பது இந்தப் பழக்கத்தில் பாதி. போனை இடுப்பு உயரத்தில், ராடின் நுனிக்கு நேராக வைக்க வேண்டும். ஜிம் கூரையிலிருந்து ஒரு கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். வீடியோவில் அந்த நூல் செங்குத்துக் கோடாகத் தெரியும். பிளேட்டின் மையம் அதை ஒட்டியே மேலே போகிறதா, முழங்காலைச் சுற்றிக்கொண்டு வளைந்து போகிறதா என்பது ஒரு பார்வையில் விளங்கிவிடும். தொடக்கத்தில் என் வீடியோவில் தெரிந்தது, ராடு அசைவதற்கு முன்பே இடுப்பு மட்டும் நாலைந்து அங்குலம் எழும்புவது. புதியவர்களிடம் மிகப் பரவலாக வருவது இதுதான். ஸ்குவாட்டுக்கு உட்காருவது போல இடுப்பைத் தாழ வைத்துத் தொடங்குவதுதான் காரணம். உடம்பு தனக்குத் தோதான உயரத்துக்கு இடுப்பைக் கொண்டுபோன பிறகுதான் ராடைத் தூக்குகிறது. அந்த உயரம் எது என்று வீடியோவை நிறுத்திப் பார்த்து, அங்கிருந்தே தொடங்கியதும் அந்த எழும்பல் போய்விட்டது.

கீழே இறக்கும்போது வரிசை திரும்புகிறது. முதலில் புட்டம் பின்னால் போக வேண்டும். ராடு தொடையை உரசி முழங்காலைத் தாண்டிய பிறகே முழங்கால் மடங்கலாம். முழங்காலை முதலில் மடக்கினால் ராடு அதன்மேல் முட்டும், இல்லையென்றால் அதைச் சுற்றி முன்னால் போகும். மாஸ்டர் போட்டி விதியில்தான் எல்லாம் செய்யச் சொல்கிறார். மேலே போய் முழங்கால் நேராகி, தோள் பின்னால் வந்து, ராடு அசையாமல் நின்றபின் நடுவர் கையைக் கீழே காட்டி "டவுன்" என்பார். அதற்கு முன் இறக்கினால் செல்லாது. கையை விட்டுத் தொப்பென்று போடுவதும் செல்லாது. இந்த ஒழுங்கில் பழகினால் எடையை அடக்கி வைக்கும் பலமும் சேர்ந்தே வருகிறது. தரையில் முட்டி எகிறும் வேகத்தில் அடுத்த தடவையைச் செய்வதும் இல்லை. வைத்து, நின்று, தம் கட்டி, மறுபடி.

வாரத்துக்கு இரண்டு நாள். ஐந்து ஐந்தாக மூன்று செட், நடுவே மூன்று நிமிட ஓய்வு. எல்லாம் ஒழுங்காக வந்தால் அடுத்த முறை பக்கத்துக்கு 1.25 கிலோ கூட்டுவது. பல ஜிம்களில் அந்தச் சின்ன பிளேட் இருக்காது. சொந்தமாக ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொண்டால் அவசரமாக 5, 10 கிலோ தாவ வேண்டியதில்லை. ஐந்தாவது தடவையில் முதுகின் வடிவம் மாறினால் எடையைக் கூட்டுவதில்லை. இப்போது 60 கிலோவில் இருக்கிறேன். பயிற்சிக்கு மறுநாள் புட்டமும் தொடையின் பின்பக்கமும் வலிக்கும். அது வேலை சரியான இடத்தில் நடந்ததற்கு அடையாளம். சுரீரென்று குத்தும் வலி, காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போவது என்றால் அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மதுரை வெயிலில் கை வேர்த்து ராடு நழுவும். மெக்னீசியம் கார்பனேட் சாக்பவுடர் தடவினால் பிடி நிற்கும். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைக் கையில் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வழுக்கத்தான் செய்யும். போட்டியாளர்கள் அதைத் தொடையில் தடவுவார்கள், ராடு தடையில்லாமல் மேலே வருவதற்காக. ஒரு உள்ளங்கை முன்னாலும் மறு உள்ளங்கை பின்னாலும் பார்க்கும்படி ராடைப் பிடிக்கும் முறைக்கு நான் இன்னும் போகவில்லை. உள்ளங்கை முன்னால் பார்க்கும் கையின் பைசெப்ஸ் (மேல்கையின் முன்பக்கத் தசை) தசைநாண் அதிக எடையில் கிழிந்த சம்பவங்கள் உண்டு. இரண்டு கையும் ஒரே பக்கம் பிடித்து எவ்வளவு தூரம் போகுமோ போகட்டும், பிடியும் வலுவாகும்.

அடுத்தவரைப் பார்த்து அதே கோணத்தில் நிற்க முயல்வது வீண். தொடை நீளமாகவும் கை குட்டையாகவும் உள்ளவர் இன்னும் சாய்ந்துதான் தொடங்குவார். கை நீளமானவர் நிமிர்ந்து தொடங்குவார். அமெரிக்காவின் லாமர் கான்ட்டுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. உடல் குட்டை, கை நீளம். அவர்தான் 1985-இல் தன் எடையைப்போல் ஐந்து மடங்கு டெட்லிஃப்ட் செய்த முதல் மனிதர். மாறாதவை மூன்றுதான்: ராடு பாதத்தின் நடுவுக்கு மேலே, முதுகு இறுகிய நிலையில், ராடு காலோடு ஒட்டி.

மெஸ்ஸில் வேலை செய்கிற அக்கா ஒருத்தர் கேட்டார், "இளவட்டக்கல்லு தூக்குறவுக எல்லாம் முதுகை வளைச்சுத்தானே தூக்குறாக?" நியாயமான கேள்வி. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் போட்டியில் பெண்களும் தூக்குகிறார்கள். உருண்டைக் கல்லில் பிடிப்பு கிடையாது. அதைச் சுற்றிக் கையைப் போட்டு அணைக்க வேண்டுமென்றால் முதுகு வளையாமல் முடியாது. ஆனால் அவர்களும் கல்லை முதலில் தொடைக்குக் கொண்டுவந்து, நெஞ்சோடு சேர்த்து, பிறகுதான் தோளுக்கு ஏற்றுகிறார்கள். ஒரு கட்டத்திலும் கல் உடம்பை விட்டு விலகுவதில்லை. சின்னக் கல்லில் தொடங்கிப் பல வருஷம் பழகிய உடம்பு அது.

அரிசி மூட்டையும் அந்தக் கல்லின் இனம்தான், ராடின் இனம் அல்ல. அதனால் மெஸ்ஸில் சில மாற்றங்கள் செய்தேன். மூட்டைகளைத் தரையில் அடுக்குவதை நிறுத்தி, முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பெஞ்சு போட்டு அதில் இறக்கச் சொல்லிவிட்டேன். தரையில் கிடந்தால் இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு மூட்டைக்காது. தண்ணீர் கேனை முன்னால் வைத்துக் குனியாமல், இரண்டு பாதத்துக்கும் நடுவே வைத்து, புட்டத்தைப் பின்னால் தள்ளிக் கழுத்தைப் பிடித்து நிமிர்ந்து, முதலில் பெஞ்சில் வைத்து, அங்கிருந்து அணைத்து எடுப்பது. இதை அந்த அக்காவுக்கும் பாத்திரம் துலக்கும் தம்பிக்கும் ஒட்டடைக்கம்பை வைத்தே சொல்லிக் கொடுத்தேன். தம்பி ஒரே நாளில் பிடித்துக்கொண்டான். அக்காவுக்குச் சுவர்ப் பயிற்சிதான் கைகொடுத்தது.

இந்த மாதம் மாஸ்டர் ருமேனியன் டெட்லிஃப்டையும் சேர்த்திருக்கிறார். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ருமேனியாவின் நிக்கு விளாட் செய்துகாட்டி அமெரிக்க ஜிம்களில் பரவிய பயிற்சி. இது மேலிருந்து தொடங்குவது: நின்றபடி ராடைப் பிடித்து, முழங்காலைச் சற்றே மடக்கிய நிலையில் பூட்டி, புட்டத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே ராடைத் தொடையோடு இறக்கி, தரையைத் தொடாமல் திரும்ப வேண்டும். எதுவரை இறக்குவது என்பதைத் தொடையின் பின்தசை சொல்லும். 30 கிலோவில் செய்கிறேன். முழங்காலுக்கு நாலு விரல் கீழே போனதும் இடுப்பு பின்னால் போவது நின்றுவிடுகிறது. அதற்கு மேல் இறக்கினால் வளைவது முதுகுதான் என்று வீடியோவில் தெரிகிறது. அதனால் அங்கேயே நிறுத்தித் திரும்புகிறேன்.